மீன் தொட்டிக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று எங்கள் தெருவில் பொட்டு வாங்காமல் தப்பித்த பொருள் எதுவும் கிடையாது. எங்கள் ஊரான சிங்கப்பெருமாள் கோயிலில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர். ஆயுதம் என்றால் எங்களுக்கு இயந்திரம்தான். அப்பாவின் பைக், மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் குளித்து முடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு நிற்கும். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், அந்த வரிசையில் அத்தை மீன் தொட்டியையும் சேர்த்துவிட்டாள்.

அதற்கு அவளிடம் நியாயம் இருந்தது. "அதுலயும் மோட்டார் ஓடிக்கினு கீதில்ல? அதுக்கு மட்டும் வெக்கலன்னா நல்லாவா இருக்கும்?" என்றாள். மோட்டார் என்றால் தண்ணீரில் குமிழி விடும் கையகலச் சமாசாரம். மீன்களை ஒரு பக்கெட்டில் விட்டுவிட்டு, தொட்டி, கூழாங்கல், அழுக்கு வடிகட்டும் பஞ்சு எல்லாவற்றையும் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தாள். குழாயிலிருந்து புதுத் தண்ணீர் பிடித்து நிரப்பினாள். கண்ணாடியின் நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம். மங்கலமாக இருக்கட்டும் என்று தண்ணீரிலும் ஒரு சிட்டிகை மஞ்சள். பக்கத்தில் நின்று கை தட்டியது நான். மறுநாள் காலையில் மீன்கள் எல்லாம் மஞ்சள் தண்ணீரில் மல்லாந்து மிதந்தன.

அத்தை என்பது அப்பாவின் தங்கை. புதுப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமான வருஷமே மாமியார் தவறிப்போனார். அடுத்து மாமாவின் செல்போன் கடை படுத்துவிட்டது. இரண்டுக்கும் அவள் காலடிதான் காரணம் என்று அங்கே தீர்ப்பாகி, ஒரு துணிப் பையோடு எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போய்விட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது அத்தை பெரிய லீவுக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். லீவு நீண்டுகொண்டே போனதில் எனக்குப் பரம சந்தோஷம்.

செத்த மீன்களைப் பார்க்க, மாடியிலிருந்து வீட்டு ஓனரம்மா துக்கம் விசாரிப்பவர்போல் இறங்கி வந்தார். "வாயில்லா ஜீவன் ஒரு வூட்ல நிக்கணும்னா, வர்ற காலு நல்லா இருக்கணும்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். பட்ட காலிலேயே படும் என்பார்களே, அத்தைக்கு அப்படித்தான் ஆயிற்று. என் அழுகை ஓய்வதற்குள் அவள் துணிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். மதுராந்தகத்தில் ஏதோ தூரத்துச் சொந்தம் இருக்கிறதாம்.

அம்மாவுக்கு மீன் வளர்ப்பதில் ஒருநாளும் உடன்பாடு இருந்ததில்லை. கொழம்புல போடாத மீனுக்கு எதுக்குச் சோறு என்று கேட்பவள் அவள். அன்றைக்கென்று வாசற்படியில் வந்து நின்றுகொண்டாள்.

"தொட்டிய நாஸ்தி பண்ணிட்டு எங்க கெளம்பிட்ட? கொழந்த அழுதுகினு கீது, கண்ணுக்குத் தெரியலயா? மொதல்ல இத்த மறுபடி ஓட்டிக் குடு. மீன் நீந்தட்டும். அப்பால நீ எங்கனா போ."

அத்தை பையைக் கீழே வைத்தாள். அம்மா என் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று நான் அழுகையை நிறுத்தினேன்.

பொத்தேரியில் காலேஜ் ஹாஸ்டல் பையன்களை நம்பி நடக்கும் வளர்ப்பு மீன் கடை ஒன்று இருந்தது. மூவரும் ரயிலேறிப் போனோம். கடைக்காரர் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. தொட்டியில் சோப்பு வாடையே இல்லாதபடி அலசி, பழைய பஞ்சையும் கல்லையும் தூக்கிப் போட்டுவிட்டு, மீனே விடாமல் ஒரு மாதம் வெறும் தண்ணீரை ஓட விட வேண்டும். மீன் கழிவைத் தின்கிற நல்ல கிருமிகள் அதில் வளர வேண்டும் என்றார். எனக்கு உலகமே இருண்டது. அம்மா முகமோ மலர்ந்தது.

"ஒரு மாசம் போதுமாண்ணா? ரெண்டு மாசம் உட்டா இன்னும் நல்லதா?"

இந்தத் திசையில் பேரம் பேசும் வாடிக்கையாளரை அவர் அதுவரை பார்த்திருக்கமாட்டார். "உடலாம், தப்பில்ல" என்றார் குழப்பத்தோடு.

அப்புறம் எங்கள் வீட்டில் வெறும் தண்ணீர் ஓடியது. "தண்ணிக்கு வேர்க்குதுன்னு காத்து உடுறீங்களா?" என்று தெருவே கேலி செய்தது. ஆக்கப் பொறுத்த எனக்கு ஆறப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மீன் எப்போது என்று அரிப்பேன். அம்மா தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்து, "இன்னும் வழவழப்பு போவல" என்பாள், பெரிய டாக்டர் மாதிரி. இடையில் அத்தையை இரண்டு தெரு தள்ளித் தையல் கிளாஸில் சேர்த்துவிட்டாள். சும்மா இருக்கும் நேரத்தில் ஏதாவது கற்றுக்கொள்ளட்டுமே என்றாள். அத்தை தினமும் காலையில் ஈரமில்லாத துணியால் தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு கிளாஸுக்குக் கிளம்புவாள்.

கடைசியில் கடைக்காரர் சொன்னபடி, கொஞ்சமாகத் தொடங்கலாம் என்று மூன்றே மூன்று ஆரஞ்சு நிறக் குட்டி மீன்கள் வந்தன. ஒன்றுக்கு வாலருகே கறுப்பு மச்சம். அது என்னுடையது என்று உடனே அறிவித்துவிட்டேன். கவரோடு தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் மீனை மெல்ல வெளியே விட வேண்டும். அம்மா மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்து ஓனரம்மாவை வரவழைத்தாள்.

"நீயே உடு அண்ணி. என் கை வேணாம்" என்றாள் அத்தை.

"ஒன் கையாலதான் உடணும். உடு."

அத்தை கவரின் வாயைப் பிரித்து மெல்லச் சாய்த்தாள். மீன்கள் வெளியே வந்து, சுற்றும் முற்றும் பார்த்து, நீந்தத் தொடங்கின. "பாத்தியாக்கா எங்க பொண்ணு கைராசிய" என்று அம்மா சொன்னது ஓனரம்மாவிடம்தான். ஆனால் தெருவுக்கே கேட்டது. மீன் நீந்திவிட்டால் மதுராந்தகம் போகலாம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து, ஒருநாள் பள்ளிவிட்டு வந்ததும் வழக்கம்போல் தொட்டிக்கு ஓடினேன். மூன்று மீன்களும் இருந்தன. மச்சத்தை மட்டும் காணோம். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எந்த மீனிலும் இல்லை.

"அம்மா, இது வேற மீனு!"

"போர்டுல எழுதுறது தெரியுதா ஒனக்கு? கண்ணாடி போடணும்போல கீது" என்றாள் அம்மா. நல்ல புடவை கட்டியிருந்தாள், நடு வாரத்தில். தனியாக ரயிலேறப் பயப்படுகிறவள், செருப்பைக் கழற்றக்கூட மறந்து அடுப்படியில் நின்றாள். குப்பைக் கூடையில் ஈரமாக ஒரு பாலிதீன் கவர் கிடந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்து என்ன?

தையல் கிளாஸ் முடிந்து வந்த அத்தையைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தொட்டி முன்னால் நிறுத்தினேன். அவள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். அடுப்படியில் அம்மா தேவையில்லாத சத்தத்தோடு பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். அத்தை ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பினாள்.

"அதே மீனுதான்டி" என்றாள். "வளர சொல்ல மச்சம் மறைஞ்சிடும். மீனுக்கெல்லாம் அப்டித்தான்."

பிறகு உள்ளே போய், "நவுரு அண்ணி, காப்பி நான் போடறேன்" என்று அம்மாவின் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டாள்.

அத்தை சொன்னதை அம்மாவிடம் போய் ரகசியமாகச் சொன்னேன். அம்மா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். "பாத்தியா? அவளுக்குத் தெரியுது, ஒனக்குத் தெரியல."

மீன் வளர்ந்தால் மச்சம் மறைந்துவிடும் என்று நான் பல வருஷம் நம்பியிருந்தேன். வகுப்பில் அதற்காக ஒருத்தியோடு சண்டை போட்டு ஜெயித்தும் இருக்கிறேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது நான் ஒருத்தி மட்டும்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.