இன்னும் அறுநூறு கிலோமீட்டர் இருந்தது

வாகனம் திருத்துகிறவனிடம் ஆட்கள் வருவது பல் வைத்தியரிடம் போவது மாதிரித்தான்; இனித் தாங்க முடியாது என்ற பிறகு வருவார்கள். கல்லடியில் நான் கராஜ் போட்டு இருபது வருடமாகிறது. இத்தனை காலத்தில் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது ஒயில் குடிக்கிற எஞ்சின்கள். சத்தமில்லாமல் எரித்துத் தீர்க்கும், ஓட்டுகிறவருக்கு ஒரு வார்த்தை சொல்லாது. வாகனம் வைத்து மாரடிக்கிற உங்களுக்கு இது புதினமாக இராது.

காக்காவின் சிவப்பு விளக்கு

காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் ஹனீபா காக்கா, பிரேக் சத்தம் போடுகிறது என்று காரைக் கொண்டுவந்தார். பொனட்டைத் திறந்த கையோடு ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்தேன். நுனியில் ஈரம்கூட இல்லை. துடைக்க எடுத்த துணியைத் திரும்ப மடித்து வைத்தேன். காக்கா நம்பவில்லை. ஒயிலுக்கான சிவப்பு விளக்கு எரியவே இல்லையே என்று என்னோடு தர்க்கப்பட்டார்.

அந்த விளக்கு ஒயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. உள்ளே ஒயில் ஓடுகிற அழுத்தத்தை மட்டும்தான் பார்க்கும். அழுத்தம் விழுந்து அது எரிகிற நேரம், அநேகமாக எஞ்சினின் கதை முடிந்திருக்கும். இதைப் பொறுமையாக விளங்கப்படுத்தினேன். காக்கா தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"அப்ப இது ஆள் மௌத்தாப் போன பிறகு பள்ளிவாசல்ல அறிவிக்கிற மாதிரி லைட்டா தம்பி? நோய் வருத்தம் எண்டு முந்திச் சொல்லாதா?"

போடியாரின் கணக்கு

கொக்கட்டிச்சோலைக் கந்தப்போடியாருக்கு வயல் நிறைய, கார் ஒன்று. அந்தக் காருக்கு என் கராஜை விட வயது கூட. கிழமைக்குக் கிழமை ஒயில் குறைகிறது, ஒழுக்கைக் கண்டுபிடி என்று வந்து நின்றார். காருக்குக் கீழே மட்டைப்பெட்டியை விரித்துப் பார்த்தாராம், ஒரு சொட்டும் விழவில்லையாம். "வரம்பில கசிவில்லாமத் தண்ணி எங்க போகும் மனே?" என்று என்னையே மடக்கினார்.

உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்தால் ஒயில் மேலே ஏறும், பெற்றோலோடு சேர்ந்து எரியும், புகையாகப் பின்னால் போய்விடும், கீழே விழ ஒன்றும் மிஞ்சாது என்றேன். படித்த எத்தனையோ பேருக்கு இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்த விசயம். போடியார் ஒரே தரத்தில் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து காலையில் வயல் வட்டைக்குத் தண்ணீர் பார்க்கப் போக முதல் கம்பியை இழுத்துப் பார்க்கிறார். அந்தக் கிழட்டு எஞ்சின் இன்றும் ஓடுகிறது. கேட்டால் சொல்லுவார்:

"இது வெயில் குடிக்கிற தண்ணி மனே. வரம்பு கட்டி மறிக்க ஏலா. பாத்துப் பாத்து ஊத்தத்தான் வேணும்."

நான் எழுதிய அட்டை

ஒயில் மாற்றியதும், அடுத்தது எத்தனையாவது கிலோமீட்டரில் என்று ஓர் அட்டையில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் தொங்கவிடுவது என் வழக்கம். ஐயாயிரம் ஓடலாம் என்று கணக்கு. என் கையெழுத்து அழகு என்று பலரும் சொல்வதால் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தங்கராசா அண்ணன் டவுனிலிருந்து கதிரவெளிப் பாடசாலைக்கு எட்டு ஆசிரியர்களை வேனில் ஏற்றி இறக்குகிறவர். போகவர நூற்றைம்பது கிலோமீட்டர். அவருடைய வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஒரே ஓட்டத்தால். வேன் கனநாள் நின்றால் ஆசிரியர்கள் வேறு வேன் பார்ப்பார்கள், கைவிட்டுப் போன ஓட்டம் திரும்பி வராது. அப்படிப்பட்டவரிடமிருந்து ஒரு காலை அழைப்பு வந்தது. பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆசிரியர்கள் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். அவர் தனியாக வீதியோரம் நின்றார். விளக்கு எரிந்ததும் ஓரங்கட்டப் பார்த்தாராம், அதற்குள் எஞ்சினே நின்றுவிட்டதாம். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அட்டையைக் கழற்றி என் கையில் தந்தார்.

"நீ எழுதினபடிதான் மனே ஓடின நான். இன்னும் அறுநூறு இரிக்கி."

டீச்சரின் சிவப்புக் கோடு

எஞ்சினைக் கழற்றிப் போட்டால் வேலை முடிகிற மாதிரித் தெரியவில்லை. ஒரு சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும், வந்தது அளவு பிழை. இரண்டாம் கிழமை ரஞ்சினி டீச்சர் கராஜுக்கு வந்தார். வேனின் முன் இருக்கையில் இருக்கிறவர், விஞ்ஞான ஆசிரியை. இரண்டு பஸ் மாறிப் போகிறார்களாம், முதலாம் பாடம் தினமும் தவறுகிறதாம். இன்னொரு வேன்காரர் வந்து கேட்டுவிட்டும் போயிருக்கிறார். டீச்சர் எஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தங்கராசா அண்ணன விட்டுப் போக எங்களுக்கு மனமில்ல தம்பி. ஆனா பள்ளிக்கூட அதிபர் வரவுப் புத்தகத்தில சிவப்புக் கோடு போட முதல் நாங்க கையெழுத்து வைக்கணும். வாற திங்கள் வரைக்கும்தான் பாப்பம்."

வாளி

அந்த ஞாயிற்றுக்கிழமை வேன் ஓடியது. எட்டுப் பேரும் அவரிடமே திரும்பினார்கள். அதற்கு முதல், சாவியைக் கொடுக்கிற நேரம், இரண்டு கிழமையாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். போன முறை பழைய ஒயிலை வடித்தபோது வாளிக்கு வர வேண்டியதில் பாதிகூட வரவில்லை. மீதியை எஞ்சின் எரித்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரியும். சொன்னால் ரிங் மாற்ற வேனை நிறுத்த வேண்டும், மனிதர் கலங்கிப்போவார். பாடசாலை விடுமுறை வரட்டும், அப்போது சொல்லுவோம் என்று புது ஒயிலை ஊற்றி, வழக்கம்போல அழகாக ஐயாயிரம் எழுதி அனுப்பிவிட்டேன். இடையில் கம்பியைப் பாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

தங்கராசா அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு கோபமில்லாமல்தான் கேட்டார்:

"அப்ப அந்த லைட்டுக்கும் உனக்கும் என்ன மனே வித்தியாசம்?"

இப்போது நான் அட்டையில் கிலோமீட்டருக்கு மேலே "திங்கட்கிழமைதோறும் கம்பியை இழுத்துப் பார்" என்று பெரிதாக எழுதுகிறேன், அப்படியிருந்தும் ஒயில் மாற்ற வருகிற தங்கராசா அண்ணன் அட்டையை வாங்க முதல் வாளியைக் குனிந்து பார்க்கிறார்.