வெட்டி எடுத்த ‘ம்’

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நான் நம்பவே பல நாள் பிடித்தது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது, காதும் நன்றாகக் கேட்கிறது. காதுதான் என் பிழைப்பே.

வயதானவர்களின் வீட்டுக்குப் போய், அவர்கள் வாழ்க்கைக் கதையை ஒலிப்பதிவு செய்து, பிள்ளைகளுக்குக் கொடுப்பது என் தொழில். வெறும் மைக்கைப் பார்த்து யாருக்கும் பேச்சு வராது. எதிரே ஒரு முகம் வேண்டும். அந்த முகமாக என் மனைவி வந்து உட்காருவாள். அவளிடம் ஒரே ஒரு குறை. யார் கதை சொன்னாலும் “ம்... ம்...” என்று கொட்டிக்கொண்டே இருப்பாள். லேசாக மூக்கில் இழுத்து முடிகிற ‘ம்’. ஒவ்வொன்றாகத் தேடி வெட்டி எடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

“வாயை மூடிக்கிட்டுத்தான் கேளேன்.”

“நான் கேக்கறேன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?” என்பாள்.

அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் வெளியூரில். மாதம் ஒரு போன். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அதோடு சரி. அம்மா இறந்ததிலிருந்தே அப்படித்தான். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஊரார் கதையையெல்லாம் பதிவு செய்தவன், என் கதையை அவளுக்காகப் பதிவு செய்தால் என்ன என்று தோன்றியது. அதைக் கேட்டாவது என்னோடு நாலு வார்த்தை பேச மாட்டாளா என்ற நப்பாசை.

ஒரு செவ்வாய்க்கிழமை. மாலை 4.05. நல்ல வெயில். பேய்க்கு உகந்த நேரமே இல்லை.

ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தினேன். பழக்க தோஷத்தில் மனைவியின் நாற்காலியை எதிரே போட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதலில் ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்தேன். எப்போதும் அப்படித்தான். பின்னால் வெட்டுகிற இடங்களில் ஒட்டுப்போட அந்த அமைதி உதவும்.

அமைதியில் ஒலிமானியின் முள் அசையக் கூடாது. ஒரு முறை அசைந்தது. யாரோ உட்கார்ந்தது போல் நாற்காலி கிறீச்சிட்டது... வெயிலுக்கு மரம் விரிகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

4.08. பேசத் தொடங்கினேன். பிறந்தது, படித்தது, முதல் சம்பளத்தில் செருப்பு வாங்கியது...

“ம்.”

ஹெட்போனைக் கழற்றினேன். அறையில் சத்தமே இல்லை. மறுபடி மாட்டினேன்.

“உங்கம்மாவைப் பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு, செம மழை...”

“ம்...”

லேசாக மூக்கில் இழுத்து முடிந்தது.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆறு வருடத்தில் நான் பேசுவதை ஒருவர் உட்கார்ந்து கேட்டது அன்றுதான். ஓட மனம் வரவில்லை.

4.26. அவளுடைய கடைசி நாளுக்கு வந்தேன். மகளிடம் அன்று சொன்னதையே மைக்கிலும் சொன்னேன்.

“அம்மா போறப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டு...”

‘ம்’ வரவில்லை.

காத்திருந்தேன்.

“கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்...”

நாற்காலி கிறீச்சிட்டது. அவ்வளவுதான்.

மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

“பொய்மா,” என்றேன். “நான் ஆஸ்பத்திரியில இல்ல. அரைமணியில வந்துடறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டேன். யாரோ ஒரு பெரிய மனுஷன் கதை. உங்கம்மா படுக்கையில விழறதுக்கு முன்னாடி என்கூட வந்து உக்காந்த பதிவு. அதுல அவ கொட்டின ‘ம்’மை எல்லாம் வெட்டிக்கிட்டு இருந்தேன்.”

“ம்...”

மிக அருகில்.

காதுக்குள்.

அழுதுகொண்டே பேசினேன். 4.50-க்கு நிறுத்தினேன்.

மறுநாள் பதிவைக் கணினியில் திறந்தேன். பிரமை என்றால் பதிவாகியிருக்காதே. எல்லா ‘ம்’மும் இருந்தன. மகள் பயந்துவிடுவாள் என்று ஒன்றுவிடாமல் வெட்டி எடுத்து, அந்த அமைதியை ஒட்டினேன். என் பொய்யையும் உண்மையையும் மட்டும் வெட்டவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் அவள் அழைத்தாள்.

“நீங்க அங்க இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்பா. நர்ஸ் சொன்னாங்க. நீங்களா சொல்வீங்கன்னுதான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“இன்னொன்னும் சொன்னாங்க. அம்மா தனியாத்தான் இருந்தாங்களாம். ஆனா கட்டில் பக்கத்துல இருந்த காலி நாற்காலியைப் பாத்து, யாரோ கதை சொல்ற மாதிரி ம் கொட்டிக்கிட்டே இருந்தாங்களாம். நடுவுல கொஞ்ச நேரம் நிறுத்திட்டாங்களாம். அப்புறம் மறுபடியும்... போற வரைக்கும்.”

அவளுக்கு அனுப்பிய பதிவிலிருந்து நான் ‘ம்’மை வெட்டியதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டு, வெட்டாத பதிவைத் திறந்து நேரம் பார்த்தேன். முதல் ‘ம்’ 4.09. கடைசி ‘ம்’ 4.37.

மருத்துவமனை கொடுத்த தாள் அலமாரியில்தான் இருக்கிறது. உயிர் பிரிந்த நேரம், மாலை 4.37.

அதற்குப் பிறகும் பதின்மூன்று நிமிடம் பேசியிருக்கிறேன். அந்த அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.