கார் சொன்ன மஃரிப்

எங்கள் கார் ஜப்பானில் யாரோ ஆசை தீர ஓட்டிவிட்டுக் கைவிட்டது. கப்பலேறி, கைமாறி, கல்முனையில் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகும் அது தாய்மொழியை மறக்கவில்லை. ஸ்டார்ட் பண்ணியதும் உள்ளேயிருந்து ஒரு பெண் ஜப்பானிய மொழியில் நீளமாக ஒரு வசனம் சொல்வாள். அதன் அர்த்தம் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. என் வாப்பா மட்டும் முதல் நாளே தீர்மானித்துவிட்டார். வாகனத்தில் ஏறியவர்களிடம் முதலில் சொல்வதென்றால் அது ஸலாமாகத்தான் இருக்க வேண்டும். அன்றிலிருந்து அவள் பேசி முடித்ததும், "வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மதுல்லாஹ்" என்று குறைவைக்காமல் பதில் சொல்வார்.

"அது மிஷின் வாப்பா," என்றேன் ஒருநாள்.

"மிஷினெண்டா என்ன? மரியாதையாத்தானே கதைக்கிறா."

காரை ஓட்டுவது நான். பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன், கணவர் கட்டாரில் இருக்கிறார், வீட்டில் வேறு யாருக்கும் ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது. அந்தக் காரில் நான் பெருமைப்பட்ட ஒரே விஷயம் அதன் ஹெட்லைட். இருட்டினால் தானாக எரியும், வெளிச்சம் வந்தால் தானாக அணையும். ஒருமுறை திருகி விட்டால் பிறகு அந்தப் பக்கம் கை போகவே தேவையில்லை.

ஒரேயொரு தொல்லை. அடர்ந்த மரநிழலிலும் மழை மூட்டத்திலும் அது பட்டப்பகலில் எரிந்துவிடும். எங்கள் பக்கத்துச் சனத்துக்குப் பகலில் ஒரு வாகனம் லைட்டோடு போனால் பொறுக்காது. எதிரே வருகிறவர் கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்து மூடி, விரித்து மூடிக் காட்டுவார். லைட் எரிகிறது, அணை என்று அர்த்தம். மீன் பெட்டியோடு போகிறவர் காட்டுவார், பாடசாலைப் பிள்ளைகள் காட்டுவார்கள், கடை வாசலில் பத்திரிகை வாசிப்பவர் தலையை நிமிர்த்தாமலே காட்டுவார். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. போகப் போகத் திமிர் வந்துவிட்டது.

"இது ஓட்டோமெட்டிக் வாப்பா. எப்ப இருட்டுதெண்டு மனிசர விட இதுக்கு நல்லாத் தெரியும்," என்று வாப்பாவிடம் பெருமையடித்தேன். அதை நான் சொல்லியிருக்கவே கூடாது.

வாப்பாவைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அவர் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பஸ் இரண்டு நிமிடம் முந்திப் புறப்பட்டாலும் அன்று முழுக்க முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார். மற்றது, வயதுக்கு வந்த நாளிலிருந்து ஒரு நோன்பைக்கூட விட்டதில்லை. கடும் காய்ச்சலோடும் பிடித்திருக்கிறார். இதை ஒவ்வொரு ரமழானிலும், கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுக்கும்போது, எங்களுக்கு நினைவூட்டுவார்.

பெண்களுக்கு மாதத்தில் சில நாள் நோன்பு இல்லை. அதையெல்லாம் பெருநாள் கழிந்து களாவாகப் பிடித்து ஈடு செய்வோம். எனக்கும் உம்மாவுக்கும் அது வருடா வருடம் பழகிய காரியம். உம்மா களா பிடித்த நாட்களில் வாப்பா பக்கத்தில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தபடி, "எனக்கெண்டா களா எண்டா என்னெண்டே தெரியா," என்பார். உம்மா அப்போது ஒன்றும் சொல்லமாட்டார்.

போன நோன்பில் ஒருநாள், வரிப்பத்தான்சேனையில் இருக்கும் மாமி, அதாவது வாப்பாவின் தங்கை, புது அரிசி தருகிறேன் வாருங்கள் என்று கூப்பிட்டார். பாடசாலை விட்டு வந்து வாப்பாவை ஏற்றிக்கொண்டு போனேன். மாமி வீட்டில் பின்னேர அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுக்கும்போது வாப்பா கைமணிக்கூட்டைக் கழற்றிக் கிணற்றுக் கட்டில் வைத்தார். அங்கேயே வைத்துவிட்டும் வந்தார். அரிசி மூட்டையை ஏற்றும்போது மழை பிடித்துக்கொண்டது. பாதி வழியில்தான் வாப்பா தன் வெறுங்கையைக் கண்டார்.

"மணிக்கூடு விடுபட்டுட்டு புள்ள."

திரும்பலாமா என்றேன். வேண்டாம், நோன்பு திறக்க வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். மணிக்கூடு இல்லாத வாப்பாவை நான் அன்றுதான் முதல் முறை பார்த்தேன். கையைத் தடவுகிறார், ஜன்னலைப் பார்க்கிறார், மறுபடியும் கையைத் தடவுகிறார். தாங்க முடியாமல், நனைந்திருந்த தொப்பியைக் கழற்றி, காயட்டும் என்று முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தார். மக்காவுக்கு உம்றா போன இடத்தில் வாங்கிய தடித்த கறுப்புத் தொப்பி.

"இப்ப எத்தின மணி இருக்கும்?"

என் போனில் சார்ஜ் இல்லை. காரின் மணிக்கூடு பெட்டரி மாற்றிய நாளிலிருந்து தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது. அதைத் திருத்தும் இடம் ஜப்பானிய எழுத்துக்களுக்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது. ஜப்பான் ரேடியோவில் எங்கள் அலைவரிசைகள் அகப்படுவதும் இல்லை. இரண்டு பக்கமும் வெட்டி முடிந்த வயல். பாங்கு கேட்க ஒரு பள்ளிவாசலும் கிட்டத்தில் இல்லை. வானம் ஒரேயடியாக மூடிக் கிடந்தது.

அப்போது முன்னால் இருந்த சின்னத் திரை வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறியது. லைட் எரிந்தால் அது அப்படித்தான் மாறும்.

"லைட் போட்டுட்டு," என்றார் வாப்பா.

"ஓம் வாப்பா."

"அப்ப சூரியன் மறைஞ்சு மஃரிப் ஆகிட்டு."

"மழை இருட்டாக்கும். கொஞ்சம் பாத்திட்டுத் திறப்பமே."

"மனிசர விட இதுக்கு நல்லாத் தெரியுமெண்டு நீதானே சொன்ன?"

நான்தான் சொன்னேன்.

"நேரம் வந்தா நோன்பு திறக்கிறதப் பிந்தக் கூடா," என்றபடி வாப்பா சட்டைப் பையிலிருந்து ஈச்சம்பழப் பொட்டலத்தை எடுத்தார். துஆ ஓதினார். ஒன்றைத் தன் வாயிலும் ஒன்றை என் வாயிலும் போட்டார். பிறகு தண்ணீர். பிறகு மாமி கட்டித் தந்த ரோல்ஸ். அல்ஹம்துலில்லாஹ், நல்ல உறைப்பு.

எதிரே வயல் வெட்டும் மெஷினை ஓட்டி வந்தவர் உயரத்தில் இருந்து விரல்களை விரித்து மூடினார். அடுத்து மோட்டார் சைக்கிளில் ஒருவர். அவருக்குப் பின்னால் இருந்த மனைவி, கணவர் சரியாகக் காட்டவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, தானும் ஒருமுறை காட்டினார். "பாவம், ஓட்டோமெட்டிக் எண்டா என்னெண்டு அவங்களுக்குத் தெரியா," என்றேன் வாய் நிறைய ரோல்ஸோடு. வாப்பாவும் அவர்களுக்குப் பரிதாபப்பட்டுக் கை அசைத்தார். இன்னும் இரவாகவில்லை என்று அந்த ரோட்டில் வந்த அத்தனை பேரும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டேதான் போனார்கள்.

சம்மாந்துறைக்குள் நுழையும்போது மழை விட்டு வானம் திறந்தது. பின்புறம் பார்க்கும் கண்ணாடியில் சூரியன் முழுசாகத் தெரிந்தது. சமோசாக் கடைகளில் சனம் நெருக்கியடித்தது. கஞ்சி வாளியோடு ஆட்கள் வீட்டுக்கு ஓடினார்கள்.

"நோன்பும் திறந்திட்டு, இந்தச் சனம் இன்னும் என்னத்துக்கு வாங்கிக் கட்டிக்கொண்டு ஓடுது?" என்றார் வாப்பா. "குந்திச் சாப்பிட்டா என்ன?"

சொல்லிக்கொண்டே மஃரிப் தொழுவதற்காகத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். உடனே திரை கறுப்பிலிருந்து வெள்ளைக்குத் திரும்பியது. லைட் அணைந்தது. தொப்பி இருந்த இடத்தில் ஒரு பொத்தான் அளவில் கறுத்த குமிழ் ஒன்று இருந்தது. இருட்டா வெளிச்சமா என்று பார்க்கிற காரின் கண் அதுதான். வாப்பா அந்த நேரம் ஜன்னல் வழியே சமோசாச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிவாசல் முன்னால் நிறுத்தினேன். வாப்பா இறங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். வரிசை வரிசையாக ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் கஞ்சியும் ஈச்சம்பழமும் அப்படியே இருந்தன, ஒரு கையும் அவற்றைத் தொடவில்லை. வாப்பா காரடிக்குத் திரும்பி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாடியில் ரோல்ஸ் தூள். அதன் பிறகும் நெடு நேரம் கழித்துத்தான் பாங்கு சொன்னார்கள்.

"மகள், இது எந்தப் பாங்கு?"

"மஃரிப், வாப்பா."

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கு இது இன்னொரு களா. அவருக்கு வாழ்க்கையிலேயே முதலாவது. எனக்கு அழுகையும் வந்தது, அதே நேரம் அந்தத் தொப்பியை நினைத்துச் சிரிப்பும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு கியரை மாற்றினேன்.

அடுத்த நாள் வாப்பா மௌலவியிடம் போய், ஒரு ஆள் நேரம் வந்துவிட்டதென்று நினைத்து நோன்பு திறந்தால் என்ன சட்டம் என்று கேட்டிருக்கிறார். "அந்த ஆளக் கவலப்பட வேணாமெண்டு சொல்லுங்க. தவறுதலா நடந்ததுதானே. ஒரு களா பிடிச்சாச் சரி," என்றாராம் மௌலவி. அதோடு விடாமல், "மகளுக்கும் சொல்லுங்க," என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

உம்மா இத்தனை வருடம் வைத்திருந்த பதிலை அன்று எடுத்தார். "களா எப்புடிப் பிடிக்கிறெண்டு நான் சொல்லித் தாறன். பயப்புடாதீங்க, எல்லாம் பழகிடும்."

வாப்பா கோபத்தை எல்லாம் கார் மீது கொட்டினார். தொழுதுவிட்டு வந்தவர்களைப் பிடித்து வைத்து, தானாக எரியும் லைட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள், அது பச்சைப் பொய் சொல்லும் என்றார். கார் வாங்க நினைத்திருந்த ஒருவர் பயந்தே போனார். ஜப்பான்காரிக்கு ஸலாம் சொல்வதும் நின்றது. அவள் நாளும் பொழுதும் தன் வசனத்தைச் சொல்வாள், வாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்கு உண்மை தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. இத்தனை கால நோன்புக் கணக்கைத் தன் தொப்பியே கெடுத்தது என்று அந்த மனிதர் தெரிந்துகொள்வதை விட, கார் பொய்யனாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

பெருநாள் கழிந்து ஒரு நாள், இரண்டு பேரும் சேர்ந்து களாப் பிடித்தோம். அன்று பின்னேரமே மணிக்கூட்டை எடுத்துவரப் போனோம். நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று மாமி அதைப் பூட்டி வைத்திருந்தார். திரும்பும்போது நல்ல வெயில். வாப்பா கையில் மணிக்கூட்டைக் கட்டி, இரண்டு தரம் பார்த்துத் திருப்திப்பட்டு, வியர்த்த தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி முன்னால் வைத்தார்.

திரை கறுத்தது.

வாப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்து மணிகூட ஆகவில்லை. சூரியனைப் பார்த்தார். பிறகு தொப்பியைப் பார்த்தார். அதைத் தூக்கினார், திரை வெளுத்தது. வைத்தார், கறுத்தது. தூக்கினார், வைத்தார். எதிரே ட்ரக்டரில் வந்தவர் விரல்களை விரித்து மூடிவிட்டுப் போனார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும் வாப்பா."

"ஏன் சொல்லல்ல?"

"கார ஏசினாக் காருக்கு நோகாதே."

வாப்பா தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். சம்மாந்துறையில் அதே பள்ளிவாசலில் நிறுத்திக் காத்திருந்து, பாங்கைக் காது நிறையக் கேட்டு, மணிக்கூட்டையும் பார்த்து, அதன் பிறகே ஈச்சம்பழத்தை வாயில் வைத்தோம். தொழுதுவிட்டு வந்து ஏறினார். நான் காரை ஸ்டார்ட் பண்ணினேன். ஜப்பான்காரி வழமைபோலத் தன் வசனத்தைச் சொன்னாள்.

வாப்பா தொப்பியைத் தலையில் நேராக வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு," என்றார்.