பிளசரில் பிறந்தவள்

பூதலூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. மாலை நாலரை மணி இருக்கும். நெல் லாரியைத் தாண்டி ஓரமாக ஸ்கூட்டரை நுழைத்து முன்னால் போனேன். அங்கே ஒரு வெள்ளை அம்பாசிடர் நின்றது. இந்தக் காலத்தில் இதை யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்தபோது நம்பர் கண்ணில் பட்டது.

அந்த நாலு எண்களை நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அறிவேன். எங்கள் பழைய வீட்டில், அடுப்புக்கு மேலே சுவரில், அப்பா கரியால் எழுதி வைத்திருந்தார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த நாலை மட்டும் படம் போடுவது மாதிரி போடுவார். பொங்கலுக்குச் சுவரில் வெள்ளை அடித்தால் எண்கள் மறைந்துவிடும். காய்ந்ததும் மறுபடி போடுவார். நான் முதலில் படித்தது அதைத்தான்.

எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் காரைப் பிளசர் என்பார்கள். அப்பா வேலை பார்த்த பண்ணை வீட்டில் ஒரு பிளசர் இருந்தது. அம்மாவுக்கு வலி கண்டு, வண்டிக்காரர் யாரும் கிடைக்காமல், அப்பா பண்ணை வீட்டு வாசலில் போய் நின்றார். டிரைவரோடு பிளசரை அனுப்பினார்கள். பூதலூர் கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி நகர்ந்து முடிவதற்குள் பின் சீட்டில் குழந்தை பிறந்துவிட்டது. அந்தக் குழந்தை நான். இதுதான் எனக்குத் தெரிந்த கதை. தெருவில் என் பெயரே பிளசர்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கல்லூரி முடித்துத் தேர்வு எழுதி கிராம நிர்வாக அலுவலர் ஆனேன். வேலையில் சேர்ந்த அன்று, தாலுகா அலுவலகத்தில் ஒவ்வொருவரும் தங்களைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டும் என்றார்கள். “ஒரு கூட்ஸ் வண்டி போகிறவரைக்கும் காத்திருக்கப் பிடிக்காமல் பிறந்தவள் நான்” என்று சொன்னேன். கைதட்டினார்கள்.

அப்பா தஞ்சாவூர் போனால், நிற்கிற அம்பாசிடர்களின் பின்பக்கம் போய் நம்பரைப் பார்த்துவிட்டு வருவார். பெருமைதான், வேறென்ன என்று நினைத்துக்கொள்வேன். நாலு வருஷம் முன்பு இறந்துபோனார். அவர் கண்ணில் அந்த வண்டி படவே இல்லை.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கினேன். காரில் அறுபது வயது தாண்டிய ஒரு பாய் இருந்தார். பின் சீட்டு நிறையக் கைலிக் கட்டுகள்.

“பாய், இந்த வண்டிய எங்க வாங்குனீங்க?”

“ஏம்மா, விலைக்குக் கேக்குறீங்களா? தர மாட்டேன். ‘புதுசு வாங்குங்க அத்தா’ன்னு எம்மவன் துபாய்லேர்ந்து தெனம் கத்துறான். புதுசுல இத்தினி பண்டல் ஏறுமா? கதவச் சாத்துனாலே நசுங்கிரும்.”

எங்கள் ஊரைச் சொல்லி, பண்ணை வீட்டு வண்டிதானே என்றேன்.

“அதேதான். உள்ள ஒரு பிரசவம் ஆயிடுச்சாம். தீட்டுன்னு ஒருத்தரும் ஏறல. தள்ளிவிட்டாப் போதும்னு வித்தாங்க. நான் ரெண்டு வாளித் தண்ணி ஊத்திக் கழுவி ஓட்டிக்கிட்டு வந்துட்டேன். இந்நாள் வரைக்கும் ஒரு கொறையும் இல்ல.”

“அந்தக் கொழந்த நான்தான் பாய்” என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை.

“நீங்களா? அது தங்கலைன்னுல்ல சொன்னாங்க.”

அவர் அவசரமாகக் கீழே இறங்கினார்.

“சொன்னவன் தப்பாச் சொல்லியிருப்பான். அதான் நீங்க முன்னாடி நிக்கிறீங்களே. வாங்க, உக்காந்து பாருங்க.”

கட்டுகளைத் தள்ளிப் பின் சீட்டில் இடம் செய்து கொடுத்தார். உட்கார்ந்தேன். ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். புதுக் கைலியின் கஞ்சி வாசனை வந்தது. சீட்டுக்குள்ளிருந்து ஒரு ஸ்பிரிங் தொடையில் குத்தியது. பாசஞ்சர் ரயில் போனது. கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். இறங்கி வந்து ஸ்கூட்டரை எடுத்தேன். வழியில் பால் பாக்கெட் வாங்கினேன். மீதிச் சில்லறைக்கு மிட்டாய் வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னதுகூட நினைவிருக்கிறது.

அம்மா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“அந்த வண்டியப் பாத்தேம்மா. பிளசர.”

“இன்னுமா ஓடுது?”

“ஓடுது. ஒரு பாய் வச்சிருக்காரு. அதுல பொறந்த புள்ள தங்கலைங்கிறாரு.”

கையிலிருந்த கொத்தை முழுக்க உருவி முடித்துவிட்டுத்தான் அம்மா பேசினாள்.

“ஆமா. அது ஒனக்கு மூத்தது.”

“பொண்ணா?”

“பொண்ணுதான். கேட்டு தொறக்கிற வரைக்கும் அழுதுச்சு. அப்பறம் அழல.”

“அப்ப நான்?”

“நீ இங்கதான், பழைய வூட்டுல. நடவுக்குப் போயிட்டு வந்து சாயங்காலம் பெத்தேன். சுளுவாப் பொறந்த. சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.”

அடுத்த கொத்தை எடுத்தாள். நான் கேட்காமலே சொன்னாள்.

“பள்ளிக்கூடத்துல சேக்க உங்கப்பா தூக்கிட்டுப் போனாரு. பொறந்ததுக்கு சர்ட்டிபிகேட்டு இல்ல. பெரிய சார், ‘புள்ள எங்கய்யா பொறந்துச்சு, ஆஸ்பத்திரியா வூடா’ன்னு கேட்டிருக்காரு. இவரு, ‘பிளசர்லங்கய்யா’ன்னுட்டாரு. வாயில அதான் வந்திருக்கு. சார் சிரிச்சுட்டு, ‘அடேங்கப்பா, மகாராணி பிளசர்லல்ல வந்திருக்கா’ன்னாராம். இல்லங்கய்யான்னு சொல்ல வாயெடுத்தாராம். நீ அப்புடிச் சிரிச்சியாம். அதுக்கு மேல எப்புடி இல்லைங்கிறது? வுட்டுட்டாரு.”

எங்கள் கிராமத்தின் பிறப்பு இறப்புப் பதிவேடு என் மேசையில்தான் இருக்கிறது. பழைய பக்கங்களை நான் புரட்டிப் பார்த்ததுண்டு. அதில் நானும் இல்லை, அவளும் இல்லை. சுவரில் நாலு எண்கள் இருந்தன. எனக்கு வேலை கிடைத்ததும் புது வீடு கட்டினோம். இடிக்கிற ஆளிடம் அடுப்புச் சுவரிலிருந்து ஆரம்பியுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

அழுகை வருமோ என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. பால் பாக்கெட் மடியில் சில்லென்று இருந்தது.

“பின்னாடி சீட்ட மாத்திட்டாங்களா?” என்று அம்மா கேட்டாள்.

“உறை மட்டும் புதுசு. சீட்டு பழசுதான். ஸ்பிரிங் குத்துது.”

“அப்பவே குத்தும்” என்றாள்.

எதிர்வீட்டுச் சித்தி வேலி ஓரம் வந்து நின்று குரல் கொடுத்தாள். அவளுக்கு வருமானச் சான்றுக்கு விண்ணப்பம் போட வேண்டும். மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

“ஏ பிளசரு! மேடமாயிட்டா கூப்புட்டாக் காது கேக்காதா?”

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். நான் வந்ததிலிருந்து அப்போதுதான் பார்த்தாள்.

“கேக்குது சித்தி. இந்தா வரேன்” என்று சொல்லிவிட்டு, பாலை அம்மாவிடம் கொடுத்து எழுந்தேன்.