பெயர் போடாத ஒரு தாள்

இந்த செமஸ்டரில் எனக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. பிள்ளைகள் என் வகுப்பைப் பற்றி உண்மையில் என்னதான் நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை.

பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். பிள்ளைகளுக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ் நடத்துகிறேன். வருடா வருடம் ஆன்லைனில் ஃபீட்பேக் வாங்குவார்கள். பிள்ளைகள் எல்லாக் கேள்விக்கும் ‘மிக நன்று’ தட்டிவிட்டு கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். நானும் பல வருடமாக மிக நன்றாகவே இருந்து வருகிறேன்...

அதனால் ஒரு வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தேன். “பெயர் வேண்டாம். யார் எழுதினதுன்னு தேட மாட்டேன். என் கிளாஸ்ல உங்களுக்கு எது கஷ்டம்? ஒரே ஒரு விஷயம் எழுதுங்க.”

ஃபேன் சுற்றவில்லை என்று நான்கு பேர். வேகமாகப் போகிறேன் என்று பலர். நடுவில் ஒரு தாள்:

‘நீங்க இது ஈஸிதான்னு சொல்லும்போதுதான் பயமா இருக்கு மேடம். ஈஸியானதே எனக்குப் புரியல. பேசாம காலேஜ விட்டு நின்னுடலாம்னு தோணுது.’

பிள்ளைகள் பயப்படக் கூடாது என்றுதானே அப்படிச் சொல்கிறேன்? அந்தச் சொல்லா ஒரு பிள்ளையை வாசல் வரை தள்ளியிருக்கிறது?

அடுத்துச் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அசைன்மென்ட் நோட்டுகளை எடுத்துவைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன் — தேட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த அதே நான்தான். மூன்றாவது பெஞ்ச் தேவியின் சாய்ந்த எழுத்து மாதிரி இருந்தது. பழவேற்காட்டுக் குப்பத்துப் பெண். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். திங்கள், செவ்வாய், புதன்... அவள் வரவில்லை. போனும் ஸ்விட்ச் ஆஃப்.

சனிக்கிழமை காலை பழவேற்காடு பஸ் ஏறிவிட்டேன்.

விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், தேவியின் அப்பா வாசலில் உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா மேடம், இவ்ளோ தூரம்? பொண்ணு எதுனா தப்பு பண்ணிச்சா?”

“நான்தான் பண்ணிட்டேன்னு நினைக்கிறேன்” என்றேன்.

உள்ளேயிருந்து தேவி வந்தாள். அம்மா படகுத்துறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. சமையல், தங்கை, எல்லாம் இவள்தான். போனைத் தங்கை தண்ணீரில் போட்டுவிட்டாளாம். லீவுக்குக் காரணம் அவ்வளவுதான். இருந்தாலும் அந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன். இல்லை என்று தலையாட்டினாள்.

“நான் எழுதல மேடம். ஆனா எனக்கும் அப்டிதான் இருக்குது. ஸ்டாண்டர்ட் டீவியேஷன்லேர்ந்து ஒண்ணுமே புரியல. கேட்டா, இது ஈஸியாச்சேனு சொல்லுவீங்கனு கேக்கல.”

அங்கேயே உட்கார்ந்தேன். போர்டு இல்லை, சாக்பீஸ் இல்லை. அவள் அப்பாவிடம் கேட்டேன். “ரெண்டு படகுண்ணே. ஒண்ணு தினமும் ஒரே அளவு மீன் கொண்டுவருது. இன்னொண்ணு நாலு நாள் வெறும் வலை, ஒருநாள் கொட்டுது. வாரக் கடைசியில சராசரி ரெண்டுக்கும் ஒண்ணுதான். அப்ப ரெண்டு வீடும் ஒண்ணா?”

அவர் சிரித்தார். “சராசரி ஒண்ணா இருந்து இன்னா மேடம் பண்றது? அந்த வூட்ல நாலு நாளு ஒல வெக்க மாட்டாங்களே.”

தேவி என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். “நைனா சொல்ற அந்த ஏத்த எறக்கத்ததான் நாம கணக்கு போடுறோமா மேடம்?”

“அதேதான்.” ‘ஈஸி’ நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

சூத்திரத்தை அவளே நோட்டில் எழுதினாள். இரண்டு முறை தப்பு. மூன்றாவது முறை சரி. அதற்குள் அவள் அப்பா டீ வாங்கி வந்திருந்தார்.

பஸ் ஏற்றிவிட வந்தபோது தேவி சொன்னாள்: “எழுதுனது யாருனு தேடாதீங்க மேடம். எங்கிட்ட சொன்னத கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. எழுதுனவங்களும் அங்கதான குந்திக்கினு இருப்பாங்க.”

எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

திங்கட்கிழமை வகுப்பில் சொன்னேன். அந்தத் தாளை எழுதியவருக்கு நன்றி சொன்னேன். கையெழுத்தைத் தேடியதற்கு மன்னிப்பும் கேட்டேன். நான் படித்த காலத்தில் இதே பேப்பரில் அரியர் வைத்ததையும் சொன்னேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. “இனிமே ‘ஈஸி’ன்னு சொன்னா பெஞ்சைத் தட்டுங்க” என்றேன். முதல் நாளே ஒன்பது தட்டு வாங்கினேன்.

“ஸ்டாண்டர்ட் டீவியேஷன் யாருக்குப் புரியல?” என்று கேட்டபோது முதலில் இரண்டு கை. அப்புறம் பாதி வகுப்பு. இத்தனை நாள் இந்தக் கைகளெல்லாம் எங்கே இருந்தன? இரண்டு படகுகளோடு மறுபடி ஆரம்பித்தேன்.

போன வாரம் செமஸ்டர் பரீட்சை. ஹாலை எட்டிப் பார்த்தேன். தேவி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். என் வகுப்புக்குப் போட்ட நாற்காலிகளில் ஒன்றுகூடக் காலியில்லை. அந்தத் தாளை எழுதிய பிள்ளையும் அதில் ஒன்றில்தான் இருந்திருக்க வேண்டும். யார் என்று இன்றுவரை தெரியாது.

சிலர் என் பேப்பரில் அரியர் வைப்பார்கள். வைக்கட்டும் — மறுபடி எழுத ஆள் இருக்கிறார்களே, அது போதும்.