சாப்ட்வேருக்கு ஜாதகம்

தனியாளாக உட்கார்ந்து சாப்ட்வேர் செய்து விற்கும் சகபாவிகளே, நம் தொழிலில் சரக்கை எவனும் பார்ப்பதில்லை, ஆளைத்தான் மேலும் கீழும் பார்ப்பான்.

முதல் கேள்வி

முக்கூடல் பக்கம் ஓர் அண்ணாச்சிக்கு மூன்று கல்யாண மண்டபம். முகூர்த்தத் தேதிகளைப் பதிகிற என் சாப்ட்வேரை அவர் எடுத்துக்கொண்டால் திருநெல்வேலியிலேயே காலத்தை ஓட்டிவிடலாம். இல்லையென்றால் டீச்சர் வேலை பார்க்கும் மனைவியையும் கைக்குழந்தையையும் இங்கே விட்டுவிட்டு, சென்னையில் எவனிடமாவது வேலைக்குப் போகவேண்டியதுதான். தொண்டை வறள ஒரு மணி நேரம் விளக்கினேன். அண்ணாச்சி கேட்டது ஒன்றே ஒன்று: "எல்லாம் சரிவே, நீரு மண்டையப் போட்டுட்டா இத யாரு பாப்பா?"

ஆடிச் சோதனை

ஒரு மாதம் சும்மா ஓட்டிப் பார்க்கட்டும் என்று போட்டுக் கொடுத்தேன். புத்திகெட்டவன், ஆடி மாதத்தில் போட்டேன்! ஆடியில் கல்யாணமும் கிடையாது, மண்டபம் பேச வருகிறவனும் கிடையாது. மாதம் முடிந்து போய்ப் பார்த்தால், மண்டப மானேஜர் கம்ப்யூட்டர்மேல் மூடியிருந்த துண்டைக்கூட எடுத்திருக்கவில்லை. அவர் அண்ணாச்சியிடம் சொன்ன தீர்ப்பு: "ஒரு புக்கிங்கூட ஏறலியே அண்ணாச்சி, தனியாளு செஞ்சதுல்லா."

கட்டம்

அண்ணாச்சி மனமிரங்கி என் ஜாதகத்தைக் கேட்டார். சிரிக்காதீர்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண் கொடுத்த மாமனார்கூட என் கட்டத்தை அப்படி அலசவில்லை. ஜோசியரிடம் காட்டிவிட்டு நாலாம் நாள் கூப்பிட்டுச் சொன்னார்: "ஆயுசு கெட்டிதாம்வே. ஆனா ஊர விட்டுப் போற யோகம் இருக்காம். நீரு போயிட்டா ஒம்ம நான் எங்கன தேட?"

பலன்

அண்ணாச்சி நாற்பது பேர் இருக்கும் ஒரு கம்பெனியிடம் சாப்ட்வேர் வாங்கிவிட்டார். நான் பெட்டி கட்டினேன். ரயிலேற்ற வந்த மனைவி குழந்தையின் கையைப் பிடித்து டாட்டா காட்டினாள்.

தை மாதம் ஒரு காலையில் அண்ணாச்சி போன். ஒரே முகூர்த்தத்துக்கு ஒரே மண்டபத்தில் இரண்டு கல்யாணம் பதிவாகி, இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் வாசலில் மல்லுக்கு நிற்கிறார்களாம். "கம்பெனிக்காரன் போன எடுக்க மாட்டேங்கான், ஓடி வாரும்வே!" என்றார். நான் சென்னையில் கிடக்கிறேன் என்றேன். அத்தனை கூச்சலுக்கு நடுவிலும் மனிதருக்கு ஒரு திருப்தி: "பாத்தீரா, ஜோசியர் சொன்னது அப்படியே பலிச்சிட்டுல்லா!"

ஆக, இத்தனை வருஷத்தில் என் பேரில் உள்ளதில் ஒரு தப்பும் இல்லாமல் ஓடியது அந்த ஜாதகம் ஒன்றுதான், அதையும் நான் எழுதவில்லை.