நீள பஸ்ஸின் பின்பக்கம்

1. முப்பத்தொரு வளைவுகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு நீள பஸ் வந்த அன்றே நாடா பிடித்து அளந்தேன். முப்பத்தொன்பது அடி. பழைய பஸ் இருபத்து நான்கு அடிதான். கூடுதலான பதினைந்து அடியை நினைத்து அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

நான் அப்போது தோட்ட ஆபீசில் போக்குவரத்தைப் பார்க்கும் குமாஸ்தா, தோட்டத்துப் பேச்சில் கிராணி. இரண்டு குட்டை பஸ்களை நிறுத்திவிட்டு, ஆட்களை ஒரே பஸ்ஸில் ஏற்றுவது என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து ரிங்லெட் டவுன் வழியாகக் கடைசி மலை வரை முப்பத்தொரு வளைவுகள், ஒன்பது ஸ்டாப். அத்தனையிலும் பஸ் திரும்புகிறதா என்று டிரையல் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

டிரையல் ஒரு செவ்வாய்க்கிழமை. காலி பஸ். ரோட்டிலும் கூட்டம் இல்லை. டிரைவர் அந்தோணி அந்த ரோட்டில் பத்தொன்பது வருஷம் ஓட்டியவர். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு போட்டேன்.

ஐந்தாவது ஸ்டாப்பில் அந்தோணி பஸ்ஸை நிறுத்தினார்.

"கிராணி, எறங்கி பின்னால நில்லுங்க. நான் வலது பக்கம் ஒடிச்சு எடுக்கறேன். பின்பக்கம் எம்புட்டு வெளிய வீசுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

"மழை தூறுது அந்தோணி. எனக்கு மூணு நாளா சளி."

"ரெண்டு நிமிசம் லா. முன்னால உக்காந்துகிட்டு முன்பக்கத்தத்தான பாக்குறீங்க?"

"இது வரைக்கும் பதினாறு வளைவு. எல்லாம் சரியாத்தான திரும்பிச்சு? போலாம், எடுங்க."

எடுத்தார். முப்பத்தொரு கோடு போட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

2. ஐந்தாவது ஸ்டாப்

அந்த ஸ்டாப்பில் ரோட்டு ஓரமாக ஒரு மதகு உண்டு. மதகின் கட்டைச்சுவர் இடுப்பு உயரம். கொழுந்து வெட்டும் பெண்கள் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கூடையையும் கத்தரியையும் அந்தச் சுவரில் வைப்பார்கள். சுவரைப் பார்த்தபடி நின்று இடுப்பில் சாக்கைக் கட்டுவார்கள். முதுகு ரோட்டுப் பக்கம் இருக்கும். பதினேழு பேர், தினமும் அப்படித்தான். குட்டை பஸ் கிளம்பும்போது யாரும் திரும்பிப் பார்க்கத் தேவை இருந்ததில்லை.

நீள பஸ் ஓடத் தொடங்கிய ஆறாவது நாள் சனிக்கிழமை. ஸ்ட்ராபெரி பண்ணைக்கு வந்த ஒரு காரை ஸ்டாப்புக்கு முன்னால் ஓரம்கட்டியிருந்தார்கள். அந்தோணி மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டு, காரைத் தாண்டுவதற்காக வலது பக்கம் ஒடித்து எடுத்தார். பஸ்ஸின் பின்பக்கம் இடது பக்கம் வீசியது. அந்தப் பதினேழு பேரில் ஒருவரான மாரியாயி சுவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். இடுப்பெலும்பு நொறுங்கியது.

உயிர் பிழைத்தார். மறுபடி மலை ஏறவில்லை.

3. துரையின் அறை

மேனேஜரை நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்வோம். விபத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரித்தார். அந்தோணியின் வேலை அந்த அறையில் முடிவாக வேண்டியிருந்தது.

"டிரையல்ல இவன் ஏதாச்சும் கம்ப்ளேன் பண்ணானா, கிராணி?"

என் கையெழுத்து மேசைமேல் இருந்தது. எனக்கு ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது.

"ஞாபகம் இல்ல, துரை."

அந்தோணி என் பக்கம் திரும்பினார். "முப்பத்தொரு வளவு ஞாபகம் இருக்கு. இது ஒண்ணு மட்டும் ஞாபகம் இல்லியா, கிராணி?"

டிரைவரின் அவசரம் என்று எழுதி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, நாடாவோடு அந்த ஸ்டாப்புக்குப் போனேன். வேறொரு டிரைவரை எடுக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்றேன். பின்பக்கம் வெளியே வீசியது இரண்டு அடி மூன்று அங்குலம். ரோட்டு ஓரத்துக்கும் சுவருக்கும் இடையில் இரண்டு அடி ஆறு அங்குலம். ஒரு மனுஷி நிற்க மிச்சம் மூன்று அங்குலம்.

அந்தோணி டிரையலிலேயே சொன்னார், நான்தான் இறங்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். "இப்ப எதுக்கு கிராணி இது?" என்று துரை அதைப் பைலில் போட்டார். ஸ்டாப்பை மட்டும் நாற்பது அடி தள்ளி மாற்றினார்கள்.

4. லெம்பா பெர்த்தாம்

வேலை போன அந்தோணி, லெம்பா பெர்த்தாம் என்ற ஊரில் காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே போய்ப் பார்த்தேன். எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். கோஸ் கூடைகளைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டே கேட்டார்.

"எப்ப எழுதுனீங்க?"

"வியாழக்கிழமை."

"செவ்வாய்க்கிழம அந்த ரூம்ல கேட்டாங்களே, அப்ப சொல்லியிருக்கணும் லா."

மாரியாயியையும் போய்ப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அளந்துட்டீங்களாமே, கிராணி" என்றார்.

இனி நீள வண்டிக்கு டிரையல் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆட்கள் ஏறி இறங்கும் நேரத்தில் போங்கள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி, அவர்கள் நிற்கிற இடத்தில், அவர்கள் நிற்கிற மாதிரி முதுகைக் காட்டி நில்லுங்கள். டிரைவர் சொல்வதை அவர் எதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டுப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. ஐந்தாவது ஸ்டாப்பை அடுத்த வளைவுக்கு நேராக ஒரு கோடு மட்டும் இருக்கிறது, அந்தோணி சொன்னது இல்லை.